ஹோட்டல் ரிசப்ஷனிலிருந்து இரண்டு கல்வி அமைச்சகங்களுக்கு ஒரு மடல்

இஸ்ரேல் கல்வி அமைச்சகத்துக்கும் போலந்து கல்வி அமைச்சகத்துக்கும்,

வணக்கம்.

கிராக்கோவ் நகரத்தில் பழைய யூதர் பகுதியான கஜிமியெஷை ஒட்டிய ஒரு ஹோட்டலில் ராத்திரி ரிசப்ஷன் வேலை பார்ப்பவன் நான். ஊர் மதுரைப் பக்கம். போலிஷ் பேசுவேன், எழுதினால் தப்பு வரும். ஹீப்ருவில் காலை வணக்கமும் ராத்திரி வணக்கமும் தெரியும், ராத்திரி ஷிஃப்ட்காரனுக்கு அது போதும். மனசில் கிடப்பதைத் தடங்கல் இல்லாமல் சொல்லத் தமிழ்தான் எனக்குக் கைகொடுக்கும் என்பதால் தமிழில் எழுதுகிறேன். இங்கேயே படித்து வளர்ந்த என் மகள் இதைப் போலிஷில் பெயர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஹீப்ருவுக்கு யாரைப் பிடிப்பது என்றும் அவளுக்குத் தெரியும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கொரோனாவுக்கு முந்தைய வருடங்களில் நாஜிக்கள் யூதர்களைக் கொன்ற முகாம்களைப் பார்க்க இஸ்ரேலிலிருந்து வருடத்துக்கு 40,000 பள்ளிப் பிள்ளைகள் வரை போலந்துக்கு வந்தார்கள். பதினாறு, பதினேழு வயது. அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ ராணுவத்துக்குப் போக வேண்டியவர்கள். பஸ் ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்து நிற்கும். முதலில் பாதுகாவலர் இறங்கி லாபியைப் பார்ப்பார், மாடிப்படியைப் பார்ப்பார், பிறகுதான் பிள்ளைகள். சாப்பாடு பெட்டி பெட்டியாகத் தனியே வரும், யூத உணவு விதிப்படி சமைத்து முத்திரை ஒட்டிய கோஷர் சாப்பாடு. பதினொன்றரைக்கு மேல் யாரும் அறையை விட்டு வரக் கூடாது என்று ஒரு டீச்சர் காரிடாரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். பிர்கெனாவ் கொலை முகாமுக்குப் போய்விட்டு வந்த ராத்திரி சில பெண்கள் என் மேஜைக்கு எதிரே உள்ள சோபாவில் உட்கார்ந்து அழுவார்கள். மறுநாள் ராத்திரி அதே பெண்கள் லிஃப்ட்டுக்குள் கும்பலாக ஏறி மேலும் கீழும் போய்க்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள்தானே. இதில் எதையும் குறையாகச் சொல்லவில்லை.

என் குறை வேறு. எட்டு நாள் போலந்தில் இருந்துவிட்டுப் போகிற அந்தப் பிள்ளைகள், டிரைவரையும் கைடையும் தவிர்த்தால், இந்த நாட்டில் வாழ்கிற ஓர் ஆளோடு பேசினார்கள் என்றால் அது பெரும்பாலும் நான்தான். வைஃபை பாஸ்வேர்டு கேட்டிருப்பார்கள். நானோ மதுரைக்காரன்.

இரண்டு நாட்டுப் பிள்ளைகளுக்கும் சந்திப்பே நடக்கவில்லை என்று சொல்லவில்லை. 2018 மார்ச்சில் எங்கள் ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்திலேயே ஒன்று நடந்தது. அன்றைக்குச் சாயங்காலமே என்னை வரச் சொல்லிவிட்டார்கள். இரண்டு நாட்டுக் கொடிகளும் மேஜை மேல். போலந்துப் பிள்ளைகள் இருபத்தைந்து பேர், இஸ்ரேல் பிள்ளைகள் முப்பது பேர் இருக்கலாம். பெயர் சொல்லிப் பந்தை எறிந்து பிடிக்கும் விளையாட்டு. போலந்து அம்மாக்கள் வீட்டில் செய்த ஆப்பிள் கேக்கைத் தட்டுத் தட்டாக அனுப்பியிருந்தார்கள். கோஷர் இல்லை என்பதால் பாதிப் பேர் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று யாரும் எடுத்துச் சொல்லவும் இல்லை. கேக் கொண்டுவந்த ஒரு பையனின் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முன்கூட்டி ஒரு போன் அடித்திருந்தால் வெட்டாத பழம் வாங்கி வைத்திருக்கலாம்.

பிறகு ஒரு இஸ்ரேல் பெண் கேட்டாள்: "உங்க தாத்தா பாட்டி இருக்கிற வீடு போருக்கு முன்னாடி யாருடையது?" அதைத் தொடர்ந்து ஒரு போலந்துப் பையன்: "எங்க ஊர்ல நடக்கறதுக்கு உங்களுக்கு எதுக்குத் துப்பாக்கிக்காரர்?" இரண்டுமே நல்ல கேள்விகள். கேட்டு முடித்ததும் கூடமே உறைந்துபோயிற்று. இரண்டு பக்கத்து ஆசிரியர்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள், ஒருவர் பாட்டுப் போட்டார். மீதி முக்கால் மணி நேரம் இந்தப் பக்கம் ஒரு கும்பல் போனைப் பார்த்தது, அந்தப் பக்கம் ஒரு கும்பல் போனைப் பார்த்தது. கடைசியில் எல்லாரும் சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தப் போட்டோ உங்கள் இருவரில் ஒருவருடைய ஆண்டறிக்கையிலாவது ஏறியிருக்கும்.

ஆசிரியர்களைச் சொல்லிப் பயனில்லை. அந்த மாதம் மேலே இருந்தவர்களே பேச முடியாத நிலையில் இருந்தார்கள். நாஜிக் குற்றங்களைப் போலந்து தேசத்தின் மேல் சுமத்திப் பேசினால் மூன்று வருடம் வரை சிறை என்ற சட்டத் திருத்தம் அந்த ஜனவரியில்தான் வந்திருந்தது. ஜூனில் சிறைத் தண்டனைப் பகுதியை எடுத்தார்கள். இரண்டு பிரதமர்களும் கூட்டறிக்கை விட்டார்கள். அதை ஜெருசலேமில் இருக்கும் யூதப் படுகொலை நினைவு நிறுவனமான யாத் வஷெமின் வரலாற்றாசிரியர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 2021இல், பறிபோன சொத்தை மீட்கப் போலந்து கெடு வைத்த சட்டத்தால் மறுபடி சண்டை. 2022 ஜூனில் பயணங்களே ரத்து. பிள்ளைகளுக்கு எதைக் கற்பிப்பது என்று தீர்மானிக்கப் போலந்து பார்க்கிறது என்று இஸ்ரேல் சொன்னது. எங்கள் மண்ணில் ஆயுதத்தோடு உங்கள் காவலரா என்று போலந்து கேட்டது. யோசித்துப் பார்த்தால், எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் அந்தப் பையனும் பெண்ணும் கேட்டதையேதான் நீங்கள் நான்கு வருடம் கழித்துக் கேட்டுக்கொண்டீர்கள். அவர்கள் பாட்டுப் போட்டு மூடினார்கள், நீங்கள் பஸ்ஸை நிறுத்தி மூடினீர்கள்.

2023 மார்ச் 22ஆம் தேதி வார்சாவில் கையெழுத்தான ஒப்பந்தம் பயணங்களை மீட்டது. போலந்துத் தரப்பு பரிந்துரைத்த இடங்களின் பட்டியல் ஒன்றும் கூடவே வந்தது. அந்தப் பட்டியலில் எந்த அருங்காட்சியகம் இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று இஸ்ரேலில் பெரிய சர்ச்சை. அதைப் படித்தபோது எனக்கு ஒன்று பட்டது. இஸ்ரேல் போட்டு வைத்திருக்கும் பாதை ஆஷ்விட்ஸ், மைதானெக், ட்ரெப்ளிங்கா என்று கொலை முகாம்கள். போலந்து சேர்க்கச் சொல்லும் பாதை வீரர்கள், காப்பாற்றியவர்கள். ஒன்று எப்படிச் செத்தார்கள் என்று காட்டுகிறது, மற்றது யார் காப்பாற்றினார்கள் என்று காட்டுகிறது. எப்படி வாழ்ந்தார்கள் என்பது பஸ் ஜன்னலுக்கு வெளியே ஓடிப் போய்விடுகிறது. 1264இல் காலிஷ் நகரில் பொலெஸ்வாவ் என்ற கோமகன் யூதர்களுக்கு உரிமைப் பட்டயம் கொடுத்ததிலிருந்து கணக்கு வைத்தாலும் போர் வரைக்கும் 675 வருடம். போருக்கு முன் முப்பத்து மூன்று லட்சம் பேர், நாட்டில் பத்தில் ஒருவர். சந்தைக்குப் போன இடத்திலேயே கூடி வரி பிரித்து வழக்குத் தீர்த்த நான்கு நிலங்களின் சபை என்று ஒன்று 1764 வரை நடந்திருக்கிறது. லூப்ளின் சந்தை, யரோஸ்வாவ் சந்தை. இதையெல்லாம் என் மகளின் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குள் அடக்கிவிட்டார்கள்.

என் ஹோட்டலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ரெமூ என்ற யூத ஜெபாலயம். அதன் பின்னால் 1572இல் இறந்த ரப்பி, அதாவது யூத மதகுரு, மோஷே இஸ்ஸெர்லெஸின் கல்லறை. கலிலேயாவின் சஃபெத் நகரில் யோசெஃப் கரோ என்ற ஸ்பானிய மரபு ரப்பி யூதச் சட்டங்களைத் தொகுத்து அதற்கு 'விரித்து வைத்த மேஜை' என்று பெயர் வைத்தார். எங்கள் பக்கத்து வழக்கம் வேறாயிற்றே என்று கிராக்கோவில் இருந்த இஸ்ஸெர்லெஸ் அதற்குக் குறிப்புகள் எழுதி 'மேஜை விரிப்பு' என்று பெயர் சூட்டினார். இன்றைக்கும் இரண்டும் ஒரே பக்கத்தில் அச்சாகின்றன. இன்றைய இஸ்ரேலில் இருக்கிற ஓர் ஊரும் இன்றைய போலந்தில் இருக்கிற ஓர் ஊரும் நானூறு வருடத்துக்கு மேலாக ஒரே தாளில் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. இதைவிடப் பெரிய மாணவர் சந்திப்பு என்ன வேண்டும்? ஆனால் குழுக்கள் அங்கே போவது அரைமணி, முக்கால் மணி. அதிலும் பாதி நேரம் கழிப்பறை வரிசை.

இனி 2019 செப்டம்பருக்கு வருகிறேன். இந்த மடலே அதற்காகத்தான்.

அப்போது என் மகள் இங்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில் இரண்டாம் வருடம். அவளுடைய வரலாற்று ஆசிரியையும் இஸ்ரேலில் ஒரு பள்ளி ஆசிரியரும் தாங்களே கடிதம் போட்டுப் பேசி, ஒரு முழு நாளை ஒதுக்கியிருந்தார்கள். இடம் ஹோட்டல் இல்லை. தென்கிழக்கே, பழைய ஆஸ்திரிய ஆட்சிப் பகுதியில் ஒரு சிறிய ஊர். போருக்கு முன்னால் ஊரில் பாதி யூதர்கள். இப்போது ஒருவரும் இல்லை. மேட்டில் ஒரு யூதக் கல்லறைத் தோட்டம் மட்டும் மிச்சம். போலந்தில் அதுபோல 1,200 வரை இருக்கின்றன. துணைக்கு வரப் பெற்றோர் இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் போனேன்.

கேட் பூட்டியிருந்தது. சாவி எதிர் வீட்டு அம்மாவிடம் என்று அட்டை தொங்கியது. அவர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து திறந்துவிட்டு, "பின்பக்கம் காஞ்சொறி நிறைய இருக்கு, கால் பத்திரம்" என்று சொல்லிப் போனார். வரவேற்புரை அவ்வளவுதான்.

இரண்டு பேருக்கு ஒரு கல். ஒருவர் அங்கிருந்து, ஒருவர் இங்கிருந்து. ஒரு வாளித் தண்ணீர், ஒரு மெத்தென்ற பிரஷ். கம்பி பிரஷ் கூடாது, சோப்பு கூடாது, எழுத்துத் தெரிய ஷேவிங் நுரை பூசுகிற வேலை கூடவே கூடாது, கல் பாழாகும் என்று ஆசிரியை சொன்னார். மண்ணைத் தோண்டக் கூடாது என்பது யூத விதி, அதையும் சொன்னார். ஒரு இஸ்ரேல் பையன் கோஹென் பரம்பரை, பூசாரி வம்சம், கல்லறைக்குள் வரக் கூடாது. அவன் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டான். அவனைத் தனியே விட வேண்டாமே என்று ஒரு போலந்துப் பையன் தானாகப் போய் நின்றான். இரண்டு பேரும் கால்பந்து வீரர் லெவன்டோவ்ஸ்கியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

என் மகளுக்கு ஜோடியாக வாய்த்த பெண்ணின் பாட்டி மொராக்கோவில் பிறந்தவர். அவள் குடும்பத்தில் யாரும் போலந்தைக் கண்ணால் கண்டதில்லை. என் மகளுக்கோ தாத்தா சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். இந்த இரண்டு பேரும் முட்டி போட்டுக்கொண்டு ஒரு கல்லைக் கழுவினார்கள்.

மேலே உடைந்த மெழுகுவர்த்தி செதுக்கியிருந்தது. பெண் கல் என்று அர்த்தம். அதன் கீழே பே, நூன் என்று இரண்டு எழுத்து: இங்கே அடக்கம். அடுத்த வரியில் 'இஷா' என்று இருந்தது, மணமான பெண். பெயர் இருக்க வேண்டிய இடம் பெயர்ந்து விழுந்திருந்தது. அதன் பிறகு 'பத் மோஷே', மோஷேயின் மகள். யூத நாட்காட்டியில் வசந்த கால மாதமான நிசான். பிறகு வருடம், அதுவும் எழுத்திலேயே: தாவ் 400, ரேஷ் 200, நூன் 50, தாலெத் 4. மொராக்கோப் பாட்டியின் பேத்தி இதுவரைக்கும் தடதடவென்று வாசித்துவிட்டாள். வாசித்துவிட்டு நின்றுவிட்டாள். 654, அதற்கு மேல் அவளுக்கு என்ன தெரியும்?

அங்கே என் மகளின் முறை. யூத வருடத்தை நம் வழக்கமான வருடமாக்க 1240ஐக் கூட்டினால் 1894. வகுப்பில் எல்லாருக்கும் ஆசிரியை ஆவணக் காப்பகத்திலிருந்து அந்த ஊரின் யூத இறப்புப் பதிவேட்டை நகல் எடுத்துக் கொடுத்திருந்தார், போலிஷில், கொக்கி கொக்கியான கையெழுத்தில். 1894 வசந்த காலப் பக்கத்தைத் தேடினாள். "மோஷேன்னு ஒருத்தரும் இல்லையே" என்று எட்டிப் பார்த்த அந்தப் பெண் சொன்னாள். "மொய்ஷெஷ் இருக்கு, ரெண்டு பேர்" என்றாள் என் மகள். மோஷேதான் போலிஷில் மொய்ஷெஷ் என்பது ஒருத்திக்குத் தெரியாது. கல்லில் இருப்பது மோஷே என்று வாசிக்க இன்னொருத்திக்குத் தெரியாது. நம் மொழி பைபிளில் மோசே. நான் பின்னால் நின்று பிளாஸ்கில் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அந்த மாதத்தில் இறந்துபோன மொய்ஷெஷ் மகள்கள் இரண்டு பேர். ஒருத்திக்கு நான்கு வயது. ஒருத்திக்கு முப்பத்தொன்று, பிரசவத்தில். கல்லில் இஷா என்று இருப்பதால் முப்பத்தொன்றுதான் என்று முடிவுக்கு வந்தார்கள். கல்லில் உடைந்துபோன பெயர் பதிவேட்டில் முழுசாக இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். அடுத்துப் போகும் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்கட்டும். வீட்டு எண்ணும் இருந்தது. கல்லின் அடியில் வழக்கமான ஐந்து எழுத்து, அவள் ஆன்மா உயிர்களின் கட்டோடு கட்டுண்டிருக்கட்டும் என்பதன் சுருக்கம். அதை இஸ்ரேல் பெண் சத்தமாகப் படித்தாள். என் மகள் கூடச் சொல்லிப் பார்த்து இரண்டு இடத்தில் தப்பு விட்டாள்.

நாலு கல் தள்ளி ஒரு போலந்துப் பையன் கழுவிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது: "எங்க தாத்தா வீட்டுச் சாணைக்கல்லுல இதே மாதிரி எழுத்து இருக்கு." கல்லறைக் கற்களைப் பிடுங்கித் தெரு பாவ ஆரம்பித்தது ஜெர்மானியர்கள். போருக்கப்புறமும் ஊர்க்காரர்கள் அதை முற்றத்துக்கும் சாணைக்கும் எடுத்துப்போனார்கள். அந்தப் பையனுக்கு அந்த நிமிடம்தான் அது என்ன கல் என்று உறைத்தது. அவனோடு ஜோடி சேர்ந்திருந்தவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, "அது இன்னும் இருக்கா?" என்று கேட்டான். "இருக்கு." "கொண்டு வரலாமா?" அவ்வளவுதான் பேச்சு. எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் இதே விஷயத்தைக் கொடிகளுக்கு நடுவே கேட்டிருந்தால் அந்தப் பையன் வாயைத் திறந்திருப்பானா?

கூட்டுப் பாரம்பரியம் என்று போனால் ஷோவா, அதாவது நாஜிக்கள் நடத்திய யூதப் படுகொலை, பின்னுக்குப் போய்விடும் என்ற பயம் இஸ்ரேல் தரப்பில் உண்டு என்று தெரியும். அதற்கு ஒன்று சொல்கிறேன். கற்களின் வருடங்களை எல்லாரும் வரிசையாக எழுதினார்கள். கடைசிக் கல் 1938. அதற்கப்புறம் கல் இல்லை. ஊரில் இருந்த யூதர்களை 1942இல் பெவ்ஜெத்ஸ் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வருடம் மார்ச்சிலிருந்து டிசம்பருக்குள் அங்கே கொல்லப்பட்டவர்கள் சுமார் 4,50,000. தாளில் 1938க்குக் கீழே வெற்றிடத்தைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே பிள்ளைகள் அமைதியாகிவிட்டார்கள். முந்தின நூற்றாண்டுப் பெயர்களையெல்லாம் தன் கையால் கழுவிப் படித்தவன்தான் அந்த வெற்றிடத்தின் அளவைப் பார்க்கிறான்.

மத்தியானம் அந்த வீட்டு எண்ணைத் தேடிப் போகலாம் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். திட்டத்தில் இல்லாத தெரு. பாதுகாவலர் யாருக்கோ போன் போட்டு அனுமதி வாங்க இருபது நிமிடம் ஆயிற்று. போய்ப் பார்த்தால் அது பேக்கரி. கண்ணாடிக்குப் பின்னால் பின்னல் போட்ட ரொட்டி, பளபளவென்று. "ஹலா!" என்று இஸ்ரேல் பிள்ளைகள் கத்தினார்கள். "அது ஹவ்கா" என்றார்கள் போலந்துப் பிள்ளைகள். போலந்தில் எந்த பேக்கரியிலும் ஹவ்கா உண்டு. என் மகள் சின்ன வயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை வெண்ணெய் தடவிச் சாப்பிட்டு வளர்ந்த ரொட்டி. சபாத் என்ற வாராந்திர ஓய்வு நாளுக்கு யூதர் வீட்டில் செய்கிற ரொட்டி அது என்று அந்தப் போலந்துப் பிள்ளைகளில் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. ஊர்ப் பாதியும் போய்விட்டது, அதன் ரொட்டி மட்டும் தினம் காலை அடுப்பிலிருந்து வருகிறது, பேரில் ஓர் எழுத்து மாறி. பால் வெண்ணெய் சேர்ந்தது, முத்திரை கிடையாது என்பதால் நிறையப் பேர் மோந்து மட்டும் பார்த்தார்கள். பாதுகாவலர் இரண்டு வாங்கித் தின்றார்.

இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். பிள்ளைகளை எதிரெதிரே உட்கார வைத்து "உறவாடுங்கள்" என்று சொல்லாதீர்கள். ஒருவர் இல்லாமல் இன்னொருவர் முடிக்க முடியாத ஒரு வேலையைக் கொடுங்கள். இந்த மண்ணில் அந்த வேலை ஏராளமாகக் கிடக்கிறது. யூதப் பாரம்பரியத்தின் ஒரு பாதி ஹீப்ருவிலும் மறு பாதி போலிஷிலும் எழுதியிருக்கிறது. இரண்டையும் வாசிக்கத் தெரிந்தவர்களைக் கொன்றாகிவிட்டது, மிஞ்சியவர்களில் பலரை, 1968 மார்ச்சில் இங்கே அரசு கிளப்பிய யூத எதிர்ப்புக்குப் பிறகு, ரயிலேற்றி அனுப்பியாகிவிட்டது. இனி இரண்டு பேர் சேர்ந்துதான் படிக்க வேண்டும்.

பிள்ளைகளின் சந்திப்புக்கு ஒரு முழு நாளைக் கொடுங்கள். ஹோட்டலில் வேண்டாம், எங்கள் முதலாளிக்கு வருமானம் போகும், பரவாயில்லை. இடப் பட்டியலை அமைச்சகங்கள் போட்டுச் சண்டை பிடிப்பதை விட, எந்த ஊர் என்பதை இரண்டு வகுப்புகளும் மூன்று மாதம் முன்பே கடிதம் எழுதித் தாங்களே தேர்ந்தெடுக்கட்டும். போலந்துப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊரின் யூத வரலாற்றைத் தேடி எடுக்கும் வேலையைச் சில அமைப்புகள் வருடக்கணக்காக நடத்துகின்றன; அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். லூப்ளினில் க்ரோட்ஸ்கா வாயிலில் இயங்கும் மையம் செய்வதைப் பாருங்கள். மைதானெக்கில் கொல்லப்பட்ட ஹெனியோ ஜிதோமிர்ஸ்கி என்ற சிறுவனுக்கு ஒவ்வொரு ஏப்ரல் 19ஆம் தேதியும் பள்ளிப் பிள்ளைகள் அவன் பழைய விலாசத்துக்குக் கடிதம் எழுதுகிறார்கள். பெறுநர் அறியப்படவில்லை என்று முத்திரை குத்தித் தபால்காரர் திருப்பித் தருகிறார். இந்த மடலுக்கும் அந்த முத்திரை விழலாம் என்று என் மனைவி சொல்கிறாள்.

இன்னொன்று, ஒருவழிப் பாதையை இருவழியாக்குங்கள். போலந்துப் பிள்ளைகளும் போகட்டும். இஸ்ரேலின் முதல் பிரதமர் டேவிட் பென் குரியோன் பிறந்தது வார்சாவுக்கு வடமேற்கே ப்வோன்ஸ்க்கில். இஸ்ரேலில் இருக்கும் பினேய் பிராக் நகரை 1924இல் நிறுவியவர்கள் வார்சாவிலிருந்து போன ஹசீதியர்கள், பக்தி மரபு யூதர்கள். நாஜிக்கள் யூதர்களை அடைத்து வைத்த வார்சா கெட்டோவில் போரிட்டுத் தப்பியவர்கள் சேர்ந்து கட்டிய கிப்புட்ஸ் என்ற கூட்டுப் பண்ணைக் கிராமம் அங்கே இருக்கிறது, 1949லிருந்து அங்கே அருங்காட்சியகமும் இருக்கிறது. தங்கள் ஊரின் பாதி அங்கே எப்படி இருக்கிறது என்று இந்தப் பிள்ளைகள் பார்க்க வேண்டாமா?

நிலைமை சரியில்லை, இப்போது எப்படி என்பீர்கள். தெரியும். 2023 அக்டோபர் 7இல் ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கியதையும் அதற்கப்புறம் காசாவில் நடந்ததையும் இந்தப் பிள்ளைகள் எங்களைவிட அதிகமாகத் தங்கள் போனில் பார்த்திருக்கிறார்கள். அந்த டிசம்பரில் வார்சா நாடாளுமன்றத்துக்குள் ஏற்றியிருந்த யூதர்களின் ஹனுக்கா பண்டிகை விளக்கை ஓர் உறுப்பினர் தீயணைப்பானை எடுத்து அணைத்தார். 2024 ஏப்ரல் 1ஆம் தேதி காசாவில் உணவு வண்டிகள் மேல் இஸ்ரேல் நடத்திய தாக்குதலில் இறந்தவர்களில் ஒருவர் போலந்தின் ப்ஷெமிஷ்ல் நகரத்து இளைஞர் தாமியான் சொபூல். சரியாக ஒரு மாதம் கழித்து மே 1ஆம் தேதி வார்சா நோஜிக் ஜெபாலயத்தின் மேல் பெட்ரோல் குண்டு விழுந்தது. பிடிபட்டவனுக்குப் பதினாறு வயது.

பதினாறு. அந்த வயதுக்குத்தான் உங்கள் இரண்டு பேர் திட்டமும். சொபூலைப் பற்றி ஒரு போலந்துப் பிள்ளை கேட்கும், நோஜிக்கைப் பற்றி ஓர் இஸ்ரேல் பிள்ளை கேட்கும். போலந்துக்காரர்களே யூதர்களைக் கொன்ற யெத்வாப்னே பற்றியும் கியெல்ஸே பற்றியும் ஒருத்தி கேட்பாள், யூதர்களைக் காத்தவர்கள் என்று யாத் வஷெம் கௌரவித்ததிலேயே போலந்துக்காரர்கள்தான் அதிகம், 7,000க்கும் மேல் என்று ஒருவன் பதில் சொல்வான், இரண்டும் உண்மை. கேட்கட்டும். கைடு கையேட்டில் எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று அச்சடித்துக் கொடுக்காதீர்கள். பாட்டும் போடாதீர்கள்.

நடைமுறைக்கு ஒரு வழி உங்கள் இருவர் வீட்டிலேயே இருக்கிறது. போலந்தும் ஜெர்மனியும் 1991இல் இளைஞர் பரிமாற்றத்துக்கென்று நிரந்தர அலுவலகம் வைத்தன. இதுவரை முப்பது லட்சம் பேருக்கு மேல் போய் வந்திருக்கிறார்கள். இஸ்ரேல் ஜெர்மனி பரிமாற்றத்துக்கு விட்டன்பெர்க் நகரில் 2001லிருந்து ஓர் ஒருங்கிணைப்பு மையம் உண்டு. கொன்றவன் தேசத்தோடு உங்கள் இருவருக்கும் நிரந்தர ஏற்பாடு இருக்கிறது. உங்கள் இருவருக்கும் நடுவே அந்த அளவில் ஒன்று இல்லை. அமைச்சர் மாறினால் பஸ் நிற்கிறது. ஆளுக்கு ஓர் அறை, இரண்டு மேஜை, மொழி தெரிந்த நான்கு பேர். ஆண்டு முழுக்க நடக்கிற அலுவலகமாக இருந்தால் முன்கூட்டி ஒரு போன் அடித்து, கேக்குக்குப் பதில் பழம் என்றாவது சொல்வார்கள்.

ஹீப்ரு மொழிபெயர்ப்பைப் பற்றிச் சொன்னேனே. அந்த மொராக்கோப் பாட்டியின் பேத்தியும் என் மகளும் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். நடுவில் எட்டு மாதம் பேசாமல் இருந்தார்கள், காசா விஷயத்தில். எதனால் மறுபடி ஆரம்பித்தது என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் சமையலறையில் வீடியோ காலில் இருந்தார்கள், எதிர்ப்பக்கத்திலிருந்து மாவு பின்னுவது எப்படி என்று சொல்லித்தர இந்தப் பக்கம் என் மகள் பின்னிக்கொண்டிருந்தாள். ஆறு இழைப் பின்னல். சரியாக வரவில்லை. ருசியாக இருந்தது. உங்களுக்கு வரும் ஹீப்ருப் படி அந்தப் பெண் எழுதியது.

அமைச்சகத்திலிருந்து யாராவது அந்த ஊரை நேரில் பார்க்க வேண்டுமென்றால் என் மகள் வழி சொல்வாள். கல்லறைச் சாவி இன்னும் எதிர் வீட்டு அம்மாவிடம்தான். சனிக்கிழமை வேண்டாம், சபாத். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தேவாலயத்தில் இருப்பார். பதினொரு மணிக்கு மேல் போய் மணி அடியுங்கள். முழுக்கால் பேன்ட் போட்டுப் போங்கள், பின்பக்கம் காஞ்சொறி.

இப்படிக்கு,
ராத்திரி ரிசப்ஷன், கிராக்கோவ்